நாலாம் வீட்டுக்கு மூன்று சாவி

நாலாம் வீட்டுக்கு ஆள் வேண்டும் என்று நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் அது நடந்த ஒன்பதாம் நாள் காலையில், தரகர் சுஹைப் கையில் பெயிண்ட் கடை கலர் அட்டையோடு என் வாசலில் வந்து நின்றார்.

"லாத்தா, இந்தக் கலரைப் பாருங்க. இளம்பச்சை. ரெண்டு கோட்டு அடிச்சா ரத்தம் பட்ட சுவருன்னு ஜின்னுக்குக்கூடத் தெரியாது."

"ஜின்னா வாடகைக்கு வருது?"

"ஒழுங்கா வாடகை குடுத்தா ஜின்னையே கூட்டியாருவேன். சீசன் ஆரம்பிச்சாச்சு லாத்தா. ஐந்தருவியில தண்ணி கொட்டுது. வெளியூர்க்காரன் ரூம் கிடைக்காம குடும்பத்தோட காருக்குள்ள படுத்துக் கெடக்கான். நாலாம் வீட்டை நாள் வாடகைக்கு விடுவோம். இங்கன நடந்தது அவனுக்கு என்ன தெரியும்? குளிப்பான், பரோட்டா தின்பான், போயிருவான்."

"பேப்பர்ல வீட்டு நம்பரோட வந்திருக்கே?"

அதற்கும் அவரிடம் மருந்து இருந்தது. "நாலை அழிச்சுட்டு மூணு ஏ-ன்னு எழுதிருவோம்."

நான் பிறந்தது புளியங்குடியில். வாப்பாவுக்கு எலுமிச்சை கமிஷன் கடை. பெயரெழுதப் படிப்பதற்கு முன்பே, அழுகல் பழத்தை மூட்டைக்கு அடியிலும் பளபளப்பான பழத்தை மூட்டையின் வாய்க்கு அருகிலும் வைக்கப் படித்தவள். அந்தப் பாடத்தைத்தான் சுஹைப் எனக்கே திருப்பி ஒப்பித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கலர் அட்டையைக் கிழித்திருப்பேன். கிழிக்கவில்லை. பத்து நாளைக்கு முன்னால் இதே யோசனையை வேறு யார் வீட்டுக்காவது அவர் சொல்லியிருந்தால், 'கெட்டிக்காரர்தான் சுஹைப்' என்று நானே டீ போட்டுக் கொடுத்திருப்பேன்.

"அட்டையை வச்சிட்டுப் போங்க," என்றேன். "கலர் எடுக்கவேண்டிய ஆள் ஆஸ்பத்திரியில இருக்கா."

மேலகரத்தில் என் வளவு. மாடியில் நான். கீழே வரிசையாக நாலு வீடு. நாலாம் வீட்டில் முத்துச்செல்வி. தென்காசியில் நைட்டி தைக்கிற கம்பெனியில் வேலை. அவள் புருஷன் குற்றாலீஸ்வரன், அருவிக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்குகிற வேன் டிரைவர். ஒன்பது நாளைக்கு முன், பட்டப்பகல் பத்தரை மணிக்கு அவன் அந்த வீட்டுக்குள் போய் அவளை அரிவாளால் வெட்டினான். இடது முழங்கையில் ஒன்று, தோளில் ஒன்று. மூன்றாவது வெட்டு விழுவதற்குள் மூன்றாம் வீட்டு இராமலட்சுமி, துவைத்துக்கொண்டிருந்த ஈரப் போர்வையோடு ஓடி வந்து அவன் தலையில் போட்டு இழுத்துச் சாய்த்தாள். அப்புறம் தெருவே சேர்ந்து அவனைக் கட்டிப் போட்டது. இப்போது அவன் உள்ளே இருக்கிறான்.

அவன் கதவை உடைக்கவில்லை. சாவி போட்டுத் திறந்தான். அந்தச் சாவியைக் கொடுத்தவள் நான்.

இது ஏதோ ஒரு நாள் கவனக்குறைவு என்றால் மனது கொஞ்சமாவது ஆறும். அப்படி இல்லை. நோன்புப் பெருநாள் முடிந்த வாரம் முத்துச்செல்வி வீங்கிய முகத்தோடு மாடிக்கு வந்தாள். "அக்கா, பூட்டை மாத்திக் குடுங்க. அவனுக்குச் சாவி குடுக்காதீங்க." கேட்டது அவ்வளவுதான். ஒரு பூட்டு. நானோ, ஊரில் எந்தத் தகராறையும் பேசி முடிக்கிற ஜாஹிரா பீவி. இரண்டு பேரையும் என் ஹாலில் எதிரெதிரே உட்கார வைத்தேன். முறுக்கு வைத்தேன். அவன் சொன்னான், அவள் வேலைக்குப் போகக் கூடாது. அவள் சொன்னாள், அவன் வீட்டுக்குள் வரக் கூடாது. வாப்பா கடையில் விவசாயியையும் வியாபாரியையும் இழுத்துப் பிடித்து நடுவில் ஒரு விலையில் முடிப்பாரே, அதே மாதிரி முடித்தேன். அவள் வேலைக்குப் போகலாம். ஆனால் அவன் கேட்டால் போனைக் காட்ட வேண்டும். அவன் மூன்று மாதம் இலஞ்சியில் மாமா வீட்டில் இருக்க வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டுப் போகலாம். பழைய பூட்டே இருக்கட்டும். இரண்டு சாவியில் ஒன்று அவளிடம். இன்னொன்று இரண்டு பேருக்கும் பொதுவாக என்னிடம்.

"அக்கா பேசுனா கோர்ட்டே தேவையில்லை," என்றார்கள். நான் இரண்டு நாள் தரையில் கால் படாமல் நடந்தேன்.

அந்தப் பேரத்தில் விற்கிறவனும் இல்லை, வாங்குகிறவனும் இல்லை. அடிக்கிறவன் ஒருவன், அடிபடுகிறவள் ஒருத்தி. அடிபடுகிறவளைப் பார்த்து, நீ கொஞ்சம் இறங்கி வா என்று நான் சொல்லியிருக்கிறேன். அவளும் இறங்கி வந்தாள்.

அன்றைக்குக் காலையில் அவன் சிரித்துக்கொண்டே படியேறி வந்தான். லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும், ஆதார் அட்டை பீரோவில் கிடக்கிறது, அவள் வேலைக்குப் போயிருப்பாள், அஞ்சு நிமிஷம் என்றான். "மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு போதலையோ?" என்று கேலி வேறு செய்துவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். வாப்பா கடையில் தீபாவளிக்குக் கொடுக்கிற, கடைப் பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் எலுமிச்சம்பழம் கோத்த சாவி. அவள் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தது எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கூட்டம் அவனை அமுக்கிக்கொண்டிருந்தபோது அந்தச் சாவி கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நான் உருவி இடுப்பில் செருகினேன். மாடிக்குப் போய் அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். போலீஸ் வந்து, "கதவு எப்படித் திறந்துச்சு?" என்று கேட்டது. "திறந்துதான் கெடந்துச்சு சார்," என்றேன்.

ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை ஊர் எடுத்துக்கொண்டுபோய்ப் பெருக்கியது. இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்கிற கதவு அது. திறந்து கிடந்தது என்றால் திறந்து போட்டவள் யார்? வேலைக்குப் போகிற நாளில் அவள் ஏன் வீட்டில் இருந்தாள்? அவளேதான் அவனை வரச் சொல்லியிருக்கிறாள். இல்லை, வேறு யாருக்கோ திறந்து வைத்திருக்கிறாள். பால்காரர் முதல் பள்ளிவாசல் தெருவரை ஆளுக்கொரு கதை. சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர்கூட வாட்ஸ்அப்பில் குரலனுப்பியிருந்தார்: "அந்தப் பொம்பளையைக் காலி பண்ணச் சொல்லு ஜாஹிரா. கதவைத் தெறந்து போட்டு ஆளைக் கூப்பிடுத குடித்தனம் நமக்கு வேண்டாம்." அவருக்கு நான் பதில் அனுப்பவில்லை. என்ன அனுப்ப? கதை எழுதியதே நான்தான் என்றா?

சுஹைப் போன சூட்டோடு இராமலட்சுமி மேலே வந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். அவள் அப்படிச் செருகினால் குழாயடியில் நாலு பேர் ஒதுங்கிக்கொள்வார்கள்.

"அக்கா, நான் இந்த மாசத்தோட காலி பண்ணுதேன்."

"ஏட்டி, உனக்கு என்ன?"

"எனக்கு என்னவா? ரெண்டு பொட்டப் புள்ளைய வச்சிருக்கேன். வளவு வாசலுக்கு ஒரு இரும்புக் கேட்டு இல்லை. நடையில ஒரு லைட்டு இல்லை. எவன் வேணாலும் வாரான், போறான். அவ காப்பாத்துன்னு கத்துனா, ஓடுனேன். இன்னொரு தடவை கத்துனா ஓடுறதுக்கு எங்கிட்ட போர்வைதான் இருக்கு."

"அவன் உள்ள இருக்காம்லா?"

"எத்தனை நாளைக்கு?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியபோதுதான் எனக்குப் பயமே வந்தது. "அதுவும் போக, சாவி யார் குடுத்தாவன்னு எனக்குத் தெரியும்க்கா. உங்க படியில எறங்குதப்போ எலுமிச்சம்பழத்தை விரல்ல மாட்டிச் சுத்திக்கிட்டே போனான். நான் சோப்புப் போட்டுக்கிட்டு இருந்தேன்."

"போலீஸ்ல ஏன் சொல்லலை?"

"நீங்க சொல்லுவியன்னு பாத்தேன்."

போய்விட்டாள். ஒரு திட்டு, ஒரு சாபம் கொடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். திருப்பிக் கொடுக்க எதையும் அவள் விட்டுப் போகவில்லை.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரசமும் சோறும் எடுத்துப் போனேன். முத்துச்செல்வியின் இடது கை தோள்வரை கட்டுக்குள் இருந்தது. வலது கையால் தலையணை உறை ஓரத்தில் பிரிந்திருந்த தையலைத் தடவிக்கொண்டிருந்தாள். "மோசமான தையல்க்கா. நூலை மிச்சம் புடிச்சிருக்கான்," என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். நான் அன்னைக்குக் கதவை இழுத்துச் சாத்துனேன். டக்குனு பூட்டு விழுந்த சத்தம் இப்பவும் காதுக்குள்ள கேக்குது. ஆனா எல்லாரும் தெறந்து கெடந்துச்சுன்னு சொல்லுதாவ. எங்க அண்ணனும் அதையே சொல்லுதான். காய்ச்சல்ல நான்தான் மறந்துட்டேனோ?"

சோற்றுத் தூக்கைத் திறந்தேன். மூடினேன். மறுபடியும் திறந்தேன். "முதல்ல சாப்பிடு," என்றேன். வெட்டியவன் அவள் கையைத்தான் வெட்டினான். அவள் ஞாபகத்தை வெட்டிக்கொண்டிருந்தவள் நான். அப்படியிருந்தும் வாய் வரவில்லை. வாய்க்குப் பேர்போனவள் ரசச் சோற்றைப் பிசைந்து கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் சாயங்காலம் நம்பிராஜன் அண்ணாச்சி வந்தார். குற்றாலீஸ்வரனின் தாய்மாமன். இலஞ்சியில் வயலும் தென்னந்தோப்பும் உள்ளவர். பட்டாளத்தில் இருந்து வந்ததால் உட்காரும்போதுகூட முதுகு வளையாது. ஒரு பை நிறைய மங்குஸ்தான் பழம் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"ஏம்மா ஜாஹிரா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்லன்னே தெரியலை."

"எனக்கா? எதுக்கு அண்ணாச்சி?"

"கதவு தெறந்து கெடந்துச்சுன்னு சொன்னியள்லா. எங்க வக்கீலு அதைப் படிச்சிட்டுத் துள்ளிட்டாரு. சாவி வாங்கிட்டுப் போனான்னா திட்டம் போட்டுப் போன மாதிரி ஆயிருமாம். தெறந்து கெடந்த வீட்டுக்குள்ள புருஷன் போனான், பேச்சு முத்திருச்சு, கோவத்துல கை நீண்டுருச்சு. அப்படின்னா வேற கேஸாம். பய எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டான். நீங்க எங்களுக்காகப் பெரிய மனசு பண்ணியிருக்கிய."

எனக்காகச் சொன்ன பொய். என் பெயர் கெடாமல் இருக்கச் சொன்ன பொய். அது நேராக அரிவாள் பிடித்தவன் பைக்குள் போய் விழுந்திருக்கிறது. அதற்கு ரசீதாக மங்குஸ்தான் வந்திருக்கிறது.

"அரிவாளும் அங்கனயே கெடந்துச்சா அண்ணாச்சி? இல்லை, அதையும் அவதான் வாங்கி வச்சிருந்தாளா?"

"அட, அது வேன்ல இளநி வெட்ட வச்சிருக்கது."

"ஆதார் எடுக்கப் போறவனுக்கு இளநி எதுக்கு?"

அவர் முகம் லேசாக மாறியது. ஆனால் பேரம் தெரிந்த ஆள். குரலை உயர்த்தவில்லை. "பாருங்கம்மா, நீங்களும் யோசிக்கணும். சாவி குடுத்தது நீங்கன்னு வெளிய வந்தா, நாளைக்கு உங்க வளவுக்கு எவன் குடிவருவான்? வீட்டுக்காரம்மாவே சாவியைத் தூக்கிக் குடுத்து வெட்ட விட்டுட்டான்னுதான பேசுவான்? நீங்களும் தப்பிச்சுக்கோங்க, பயலும் தப்பிச்சுக்கட்டும். அந்தப் புள்ளையை அவ அண்ணன் வீட்டுக்கு அனுப்பிருவோம். ஆஸ்பத்திரிச் செலவு நம்ம பொறுப்பு. நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க பேசி முடிச்சா ரெண்டு பக்கமும் கேக்கும்."

நீங்க பேசி முடிச்சா. அந்தச் சொல் என் காதில் விழுந்தபோது கொதித்த கொதிப்பை எழுத எனக்குத் தெரியவில்லை. என் ஹாலில், அதே நாற்காலியில், அதே முறுக்குத் தட்டுக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து, போன தடவை மாதிரியே ஒரு விலை சொல்லு என்கிறார்.

எழுந்து சமையற்கட்டுக்குப் போனேன். அரிசி டிரம்முக்குள் முழங்கைவரை கையை விட்டேன். எலுமிச்சம்பழம் விரலில் சிக்கியது. கொண்டுவந்து மங்குஸ்தான் பைக்குப் பக்கத்தில் டக்கென்று வைத்தேன்.

"இது என்னம்மா?"

"உங்க மருமவன் கதவுல விட்டுட்டுப் போனது."

அவர் சாவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முதல் தடவையாக அந்த முதுகு கொஞ்சம் வளைந்தது. "இதை வச்சு என்ன செய்யப் போறிய?"

"போலீஸ்ல குடுக்கப் போறேன். நான்தான் குடுத்தேன், பொய் சொல்லி வாங்கிட்டுப் போனான்னு எழுதிக் குடுக்கப் போறேன்."

"உங்களுக்கு என்ன வேணும்? சொல்லுங்க, பேசுவோம்."

"ஒண்ணும் வேண்டாம்."

"சும்மா சொல்லுங்க. எதுக்கும் ஒரு அளவு இருக்கும்லா?"

"அண்ணாச்சி, நான் புளியங்குடி கமிஷன் கடையில வளந்தவ. விலை சொல்லாம இன்னைக்கு வரைக்கும் நான் எழுந்திரிச்சதில்லை. இப்போ எழுந்திரிச்சுட்டேன். பழத்தை எடுத்துட்டுப் போங்க."

"ஒரு பொம்பளைக்காக ஊரைப் பகைச்சுக்காதிய."

"ஊரு வந்தா நான் பேசிக்கிடுதேன். உங்க மருமவன் இந்த வளவுக்குள்ள கால் வச்சா இராமலட்சுமி பேசுவா. அவ போர்வை இன்னும் காயலை."

பையை எடுத்துக்கொண்டுதான் போனார். படியில் அவர் செருப்புச் சத்தம் ராணுவ நடையாக இல்லை.

ஸ்டேஷனில் பெண் எஸ்.ஐ. ஒருத்தி எழுதினாள். என் மகள் வயது. "முதல்லயே ஏன் சொல்லலை?"

"வெட்கம்."

"அதையும் எழுதவா?"

"எழுதுங்க."

எழுதினாள். எலுமிச்சம்பழத்தை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டினாள். நாற்பது வருஷம் அந்தப் பழத்தை ஊர் ஊராகக் கொடுத்து வாப்பா சம்பாதித்த பெயர் உறைக்குள் தெளிவாகத் தெரிந்தது, கடை போன் நம்பரோடு.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. இந்தத் தடவை தூக்குச் சட்டி கொண்டுபோகவில்லை. கையில் எதுவும் இருந்தால் அதன் பின்னால் ஒளிந்துகொள்வேன் என்று தெரியும். நின்றபடியே சொன்னேன். சாவி கொடுத்தது, ஒளித்து வைத்தது, பொய் சொன்னது, அன்றைக்குக் கேலி செய்தது எல்லாம்.

முத்துச்செல்வி மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்போ கதவை நான் சாத்தித்தான் இருந்தேன்."

"சாத்தித்தான் இருந்தே."

"நான் மறக்கலை."

"நீ மறக்கலை."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக இறங்கியது. துடைக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அப்புறம் பேசிய குரலில் அழுகை இல்லை.

"வீட்டை வேற ஆளுக்குக் குடுக்காதீங்க. நான் எங்கயும் போகலை. கம்பெனி பக்கம், இராமலட்சுமி அக்கா பக்கம். எங்க அண்ணன் வீட்டுக்குப் போனா அவன் மாமா அங்க வந்து பேசுவாரு. எங்க அண்ணன் இறங்கிருவான். வீட்டு அக்ரிமெண்ட்டு என்னை வெட்டுனவன் பேர்ல இருக்கு. அதைக் கிழிச்சிட்டு என் பேர்ல எழுதுங்க. பூட்டு புதுசு. சாவி எல்லாம் எனக்கு."

"ஒரு சாவி மட்டும் அவசரத்துக்கு எங்கிட்ட…" என் வாய் தன் பழக்கத்துக்குத் தொடங்கிவிட்டது.

அவள் இப்போதுதான் என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடினேன்.

பதினைந்து நாள் ஆனது. வளவுக்கு இரும்புக் கேட் போட்டேன். தாழ்ப்பாள் எந்த உயரத்தில் வேண்டும் என்று இராமலட்சுமி நின்று சொன்னாள், வெல்டருக்கு வியர்த்துவிட்டது. நடையில் இரண்டு விளக்கு. நாலு வீட்டுக்கும் பூட்டு மாற்றினேன். கதவில் உள்ளிருந்து பார்க்கிற துளை. இராமலட்சுமி காலி பண்ணுகிற பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு என்னை அக்கா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. குற்றாலீஸ்வரனின் ஜாமீன் மனு முதல் தடவை தள்ளுபடியானது. மறுபடியும் போடுவார்கள். ஒரு நாள் வெளியே வரத்தான் செய்வான். கேட் அதற்குத்தான்.

கடைத்தெருவில் நான் போனால் பேச்சு நிற்கிறது. சாவி குடுத்த பொம்பளை. இருக்கட்டும். அவள் மேல் பேசியதைவிட என் மேல் பேசட்டும். என் தோல் தடித்தது.

சுஹைப் போன் பண்ணினார். "லாத்தா, மூணு ஏ-க்குப் பார்ட்டி ரெடி. திருச்சிக்காரங்க. ரொம்ப நல்ல மாதிரி."

"நாலுக்கு ஆள் வந்தாச்சு சுஹைப்."

"யாரு? எனக்குத் தெரியாம யாரு முடிச்சது?"

"பழைய ஆளுதான். புது அக்ரிமெண்ட்டு."

"சரி, கலராவது என்ன அடிச்சிய?"

"மஞ்சள். உங்க இளம்பச்சையைப் பாத்துட்டு, ஆஸ்பத்திரிச் சுவரு மாதிரி இருக்குன்னுட்டா."

முத்துச்செல்வி வந்த அன்று புதுப் பூட்டின் அட்டைப் பெட்டியை உடைக்காமல் அவள் கையில் கொடுத்தேன். வலது கையால் கிழித்து மூன்று சாவியையும் எடுத்தாள். ஒவ்வொன்றாகப் பூட்டில் போட்டுத் திருகிப் பார்த்தாள். ஒன்றை இடுப்பில் செருகினாள். ஒன்றை இராமலட்சுமியிடம் நீட்டினாள். மூன்றாவதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கூச்சமே இல்லாமல் பார்த்தேன். அதையும் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கதவைச் சாத்தினாள். டக்கென்று பூட்டு விழுந்தது.

சாயங்காலம் பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். என் வளவு, என் சுவர், என் பெயரில் பத்திரம். கதவைத் தட்டிவிட்டு நின்றேன். துளைக்குப் பின்னால் ஒரு நிழல் வந்தது.

"யாரு?"

"நான்தான். ஜாஹிரா."

"கூட யாரு?"

"யாருமில்லை."

திறக்கும் என்று காத்திருந்தேன். துளையில் நிழல் அப்படியே நின்றது.

"அங்கன வச்சிட்டுப் போங்கக்கா. நான் எடுத்துக்கிடுதேன்."

பிளாஸ்கை வாசல்படியில் வைத்தேன். மாடிப்படி ஏறி, திரும்பிப் பார்க்காமல் என் கதவைச் சாத்தினேன். அதற்கப்புறம்தான் கீழே பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது.